பதிவு செய்த ஒலியை வெட்டி ஒட்டிப் பேச வைத்தவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேச்சுத் தொழில்நுட்பம் பற்றிப் பேசப் போகும் இடங்களில், இன்றைய ஏஐ குரல்களைவிடப் பழைய கதையைத்தான் அதிகம் கேட்கிறார்கள். டேப்பை பிளேடால் வெட்டி ஒட்டி, யாரும் சொல்லாத வார்த்தையைச் சொல்ல வைத்தார்கள் என்றால் யாருக்கும் ஆர்வம் வரத்தானே செய்யும். ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. எளியவை முதலில், வம்பானவை பின்னால்.

பதிவு பண்ணின குரல் வேற, செயற்கைக் குரல் வேறயா? ரெண்டும் மெஷின்ல இருந்துதானே வருது?

வேறுதான். 1877-இல் எடிசன் செய்த ஃபோனோகிராஃப், அதன் முன்னால் சொன்னதை மட்டுமே திருப்பிச் சொல்லும். 1890-இல் அவருடைய நிறுவனம் விற்ற பேசும் பொம்மைக்குள் இருந்ததும் அதே சரக்குதான்: ஒரு குட்டி மெழுகு உருளை, அதில் ஒரு குழந்தைப் பாட்டு. கைப்பிடியைச் சுற்றினால் அந்தப் பாட்டு வரும், வேறொன்றும் வராது. சில வாரங்களிலேயே விற்பனையை நிறுத்திவிட்டார்கள்.

செயற்கைப் பேச்சு என்றால், யாரும் எப்போதும் சொல்லாத ஒரு வாக்கியம் வெளியே வர வேண்டும். அதற்கு வழிகள் பல. இந்தப் பக்கம் அவற்றில் ஒன்றைப் பற்றியது: மனிதக் குரலைப் பதிவு செய்து, துண்டாக்கி, துண்டுகளை வேறு வரிசையில் அடுக்குவது.

பதிவுக் கருவி வர்றதுக்கு முன்னாடியே பேசுற மெஷின் இருந்துச்சுன்னு படிச்சேன். நிஜமா?

நிஜம். கெம்பெலன் என்ற கண்டுபிடிப்பாளர், தான் செய்த பேசும் இயந்திரத்தைப் பற்றி 1791-இல் புத்தகமே எழுதினார். நுரையீரலுக்குத் துருத்தி, குரல்நாணுக்கு அதிரும் ஒரு தகடு, வாய்க்குக் கையால் வளைத்து மூடும் ஒரு குழாய். ஜோசப் ஃபேபரின் 'யூஃபோனியா' 1846-இல் லண்டனில் காசு வாங்கிக் காட்டப்பட்டது. இவை வாயைப் பார்த்து வாய் செய்தவர்களின் வழி. வாய் வேண்டாம், அதிலிருந்து வந்த ஒலி போதும் என்று நினைத்தவர்களின் வழி வேறு.

அப்போ பதிவைத் துண்டு போட்டு முதல்ல பேச வச்சது யாரு?

இன்னார்தான் முதல் என்று கைகாட்ட முடியாது. ஆனால் ஊரறிய ஓடிய பழைய உதாரணம் தொலைபேசியில் மணி சொல்லும் கடிகாரம். பாரிஸ் வானாய்வு மையத்துக்குப் போன் போட்டு மணி கேட்பவர்கள் தொல்லை தாங்க முடியாமல் போக, அதன் இயக்குநர் எர்னஸ்ட் எஸ்க்லாங்கோன் ஓர் இயந்திரத்தையே பதில் சொல்ல வைத்தார். அது 1933 பிப்ரவரி 14-இல் வேலையைத் தொடங்கியது. முதல் நாளே 1,40,000 அழைப்புகள் வந்தன. அவற்றில் சுமார் 20,000 பேருக்குத்தான் பதில் கிடைத்தது.

1936 ஜூலையில் லண்டனிலும் ஒன்று வந்தது. எதெல் கெய்ன் என்ற தொலைபேசி ஆபரேட்டர் ஒரு குரல் போட்டியில் வென்று அதற்குக் குரல் கொடுத்தார். குரல் பதிந்திருந்தது கண்ணாடித் தட்டுகளில். சினிமாப் படச்சுருளின் ஓரத்தில் ஒலி பதிவாகுமே, அதே ஒளிமுறை. பத்து வினாடிக்கு ஒரு முறை மணி சொல்ல வேண்டும். 12 மணிகள், 60 நிமிடங்கள், 6 வினாடி அறிவிப்புகள் என்று பெருக்கினால் 4,320 வாக்கியங்கள். அவர் அத்தனையையும் பேசவில்லை. 12, 60, 6, தொடக்கச் சொற்றொடர் ஒன்று, ஆக 79 துண்டுகள்தான். பெருக்கலைக் கூட்டலாக மாற்றியதில்தான் இந்த முறையின் லாபம் முழுவதும் இருக்கிறது.

நம்ம ரயில்வே ஸ்டேஷன்ல 'பயணிகளின் கவனத்திற்கு'ன்னு வருதே, அதுவும் இதேதானா? ஏன் அப்படி விட்டு விட்டுப் பேசுது?

அடிப்படை அதேதான். வண்டி எண்ணின் இலக்கங்கள், ஊர்ப் பெயர்கள், நடைமேடை எண், இடையிடையே நிரந்தர வாக்கியங்கள்.

விட்டு விட்டுக் கேட்பதற்குக் காரணம் இடைவெளி மட்டும் இல்லை. யாரிடமாவது ஒரு தொலைபேசி எண்ணைச் சொல்லிப் பாருங்கள். நடுவில் வரும் 'இரண்டு' லேசாகத் தூக்கி நிற்கும், கடைசி 'இரண்டு' இறங்கி முடியும். ஒரே பதிவை இரண்டு இடத்திலும் போட்டால், வாக்கியம் நடுவிலேயே முடிந்துபோய் மறுபடி ஆரம்பிப்பதாகக் காது நினைக்கும். ஒவ்வொரு எண்ணையும் இரண்டு மூன்று ராகத்தில் பதிவு செய்து வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். அந்தச் சிரத்தை எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் ஒரு நிமிடம் கேட்டாலே கண்டுபிடித்துவிடலாம்.

மணி, பங்கு விலை, வண்டி எண் போன்று அளவான சொற்கள் உள்ள இடங்களுக்கு இந்த முறை இன்றும் போதும். 1960-களில் நியூயார்க் பங்குச் சந்தை, உருளையில் பதித்த சொற்களைக் கோத்து விலை சொல்லும் ஐபிஎம் கருவியை வைத்திருந்தது. ஆனால் நாளைக்கு ஒரு புதிய சொல் தேவைப்பட்டால், அதே ஆளைத் தேடிப் பிடித்து, அதே தொனியில் பேச வைக்க வேண்டும்.

வார்த்தையா எதுக்கு? எழுத்து எழுத்தா பதிவு பண்ணலாமே. தமிழ்ல மொத்தமே 247 எழுத்துதான், ஒரு மத்தியானத்துல முடிஞ்சிடும்!

இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை. கேட்பவர்கள் புத்திசாலிகள்தான். உண்மையில் 216 உயிர்மெய்யைப் பதிவு செய்வது, ஆங்கிலக்காரர்கள் மெய்யையும் உயிரையும் தனித்தனியாக வெட்டப் பார்த்ததைவிட நல்ல யோசனை. ஏன் என்பது பின்னால் புரியும். ஆனாலும் ஓடாது.

'பகல்' என்று எழுத, பதிவு செய்த ப, க, ல் மூன்றையும் வரிசையாக ஓட விடுகிறீர்கள். தனியாகச் சொன்ன 'க' வல்லோசையோடு, முன்னால் மௌனத்தோடு வரும். கேட்பவர் காதில் 'பக்கல்' என்று விழும். பகலில் உள்ள க, கடலில் உள்ள க, பங்கில் உள்ள கு மூன்றும் தாளில் ஒரே குடும்பம், வாயில் வேறு வேறு. இதை மூன்று நான்கு வகைப் பதிவுகள் வைத்துச் சமாளிக்கலாம் என்று வையுங்கள். அடுத்து நீளம்: தனியாகச் சொன்ன எழுத்து, சொல்லுக்குள் வருவதைவிட மிக நீண்டிருக்கும்.

பெரிய சிக்கல் மூன்றாவது. 'கடல்' என்னும்போது, 'க'வின் அகரம் முடிவதற்குள் நாக்கு நுனி 'ட'வுக்காக மேலே மடங்கத் தொடங்கிவிடும். அந்த மடங்கல் அகரத்துக்குள்ளேயே கேட்கும். தனியாகச் சொன்ன 'க'வில் அது இல்லை. எழுத்துகள் தாளில் கோத்த மணிகளாக நிற்கின்றன. பேச்சில் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன.

நம்பிக்கை இல்லையென்றால் கண்ணாடி முன் நின்று 'கீ' சொல்லத் தயாராகி, சொல்லாமல் நிறுத்துங்கள். அப்புறம் 'கூ'வுக்குத் தயாராகுங்கள். ஒலியே வராதபோதே 'கூ'வுக்கு உதடு குவிந்திருக்கும். நாக்கு அண்ணத்தைத் தொடும் இடமும் 'கீ'க்கு முன்னால், 'கூ'வுக்குப் பின்னால்.

இதெல்லாம் தியரி. யாராவது நிஜமாவே வெட்டி ஒட்டிப் பார்த்தாங்களா?

பார்த்தார்கள். ஜெர்மனியில் 1930-களில் உருவான காந்த ஒலிநாடா, போருக்குப் பின் அமெரிக்காவுக்கு வந்து பரவிய பிறகுதான் இது சாத்தியமாயிற்று. மெழுகு உருளையையோ இசைத்தட்டையோ வெட்ட முடியாது. நாடாவை பிளேடால் வெட்டலாம். அன்றைய ஸ்டுடியோ டேப் வினாடிக்கு 15 அங்குலம், அதாவது 38 சென்டிமீட்டர் ஓடும். 80 மில்லிவினாடி நீளும் ஒரு குறில், நாடாவில் சுமார் மூன்று சென்டிமீட்டர். 'க்' வெடித்துத் திறக்கும் 20 மில்லிவினாடியோ முக்கால் சென்டிமீட்டர்தான். நாடாவைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, கேட்டு, பென்சிலால் குறித்து, சாய்வாக வெட்டுவார்கள். நேராக வெட்டினால் ஒட்டில் 'டிக்' என்று கேட்கும்.

ஒலியியலாளர் சிரில் ஹாரிஸ் 1953-இல் வெளியிட்ட ஆய்வு இந்த வகையில் முக்கியமானது. பதிவு செய்த சொற்களிலிருந்து ஒலிகளை வெட்டி எடுத்து, கட்டடத்துக்குச் செங்கல் அடுக்கும் கணக்கில் புதுச் சொற்களாக ஒட்டினார். ஓர் ஒலிக்கு ஒரு துண்டு என்று வைத்தால் பல சொற்கள் புரியவே இல்லை. பக்கத்தில் என்ன ஒலி வருகிறது என்பதைப் பொறுத்து ஒரே ஒலிக்குப் பல துண்டுகள் வேண்டியிருந்தன. 247 எழுத்துக் கேள்விக்கு நான் சொன்ன பதிலை அவர் பிளேடும் கையுமாகக் கண்டுபிடித்தார்.

டேப் வர்றதுக்கு முன்னாடியே லண்டன்ல ஒருத்தர் குரலை வரைஞ்சாராமே? கதை விடுறாங்களா?

கதை இல்லை, 1931-இல் செய்தித்தாளில் வந்த சங்கதி. பேசும் படம் புதிதாக வந்திருந்த நேரம். ஹம்ப்ரீஸ் என்ற ஒலிப் பொறியாளர், படச்சுருளின் ஓரத்தில் ஒவ்வொரு ஒலியும் என்ன வடிவத்தில் பதிவாகிறது என்று உட்கார்ந்து பார்த்தார். அப்புறம் அந்த வடிவங்களை நீளமான அட்டையில் பெரிதாகத் தீட்டி, புகைப்படமாகச் சுருக்கி மறுபடி படச்சுருளில் ஏற்றினார். ஓட விட்டால், யார் வாயிலும் பிறக்காத குரல் 'ஆல் ஆஃப் எ ட்ரெம்பிள்' என்றது.

நான்கே சொல்லுக்கு இந்தப் பாடு என்றால் யாரும் தொடர மாட்டார்கள், தொடரவும் இல்லை. ஆனால் பதிவை ஆராய்ந்து பேச்சைக் கட்டலாம் என்ற எண்ணம் அங்கே முழுசாக இருக்கிறது. இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் இவர்தான்.

'வோடர்'னு பியானோ மாதிரி வாசிச்சாங்களே, அதுலயும் பதிவுத் துண்டுகள்தானா?

இல்லை. 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் காட்டிய வோடர் என்ற பேசும் கருவியில் பதிவே கிடையாது. ஹோமர் டட்லி வடிவமைத்தது. ஒரு ரீங்காரம், ஒரு 'உஸ்' இரைச்சல், இரண்டையும் வடிகட்டும் விசைகள், சுருதிக்குக் கால் மிதி. வாசிக்கும் பெண்களுக்கு ஏறக்குறைய ஒரு வருடப் பயிற்சி. கெம்பெலனின் வழியில் மின்சாரம் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெல் ஆய்வகத்தில் 1961-இல் ஐபிஎம் 704 கம்ப்யூட்டர் பாடியதும் தொண்டைக்குழாயைக் கணக்காக்கிச் செய்ததுதான், ஒட்டு வேலை அல்ல.

ஒரு மெய்யெழுத்தை மட்டும் சுத்தமா வெட்டி எடுத்தா எப்படிக் கேட்கும்?

பேச்சாகவே கேட்காது. இதைத் தெளிவாகக் காட்டியவர்கள் அமெரிக்காவின் ஹாஸ்கின்ஸ் ஆய்வகத்தார். பார்வையற்றவர்களுக்குப் புத்தகம் படித்துக் காட்டும் இயந்திரம் செய்யத்தான் கிளம்பினார்கள். எழுத்துக்கு ஒரு சங்கேத ஒலி என்று வைத்துப் பார்த்தார்கள். எவ்வளவு பழகியும் கேட்பவர்களுக்கு வேகம் வரவில்லை. அப்படியென்றால் பேச்சு மட்டும் எப்படி இவ்வளவு வேகமாகக் காதில் ஏறுகிறது என்று ஃபிராங்க்ளின் கூப்பர், ஆல்வின் லிபர்மன், பியர் டெலாத்ர் மூவரும் தேடப் போனார்கள்.

கூப்பர் செய்த கருவியின் பெயர் 'பேட்டர்ன் பிளேபேக்'. பதிவு செய்த பேச்சைப் படமாக்கிய ஸ்பெக்ட்ரோகிராமைப் பார்த்து, அதன் முக்கியக் கோடுகளை மட்டும் ஒளிபுகும் பட்டையில் வெள்ளை வண்ணத்தால் வரைவார்கள். சுழலும் தட்டு ஒன்று 120 ஹெர்ட்ஸில் தொடங்கி 50 சுரங்களை ஒளியாகக் கொடுக்கும். வரைந்த இடத்தில் பட்ட ஒளி ஒலியாகும். குரல் ஒரே சுருதியில் மொட்டையாகத்தான் வரும், ஆனால் புரியும். கோட்டை அழித்து, வளைத்து, 'இப்போது என்ன கேட்கிறது?' என்று சோதிக்கலாம்.

'டி', 'டு' இரண்டையும் அதில் பார்த்தபோது, 'டி'யில் மெய்யைக் காட்டும் இரண்டாவது கோடு சுமார் 2,200-இலிருந்து 2,600 ஹெர்ட்ஸுக்கு ஏறுகிறது. 'டு'வில் 1,200-இலிருந்து 700-க்கு இறங்குகிறது. காதுக்கு இரண்டும் ஒரே 'ட்'. அந்தக் கோடுகளை மட்டும் தனியாக வெட்டிக் கேட்டால் ஒன்று ஏறும் சீழ்க்கை, இன்னொன்று இறங்கும் சீழ்க்கை. 'டி' பதிவை எங்கே வெட்டினாலும் 'ட்' தனியாகக் கிடைக்காது; உயிரோடு சேர்ந்து வரும், இல்லாவிட்டால் சத்தமாகிவிடும். இன்னொரு சோதனையில், 1,440 ஹெர்ட்ஸில் ஒரே வெடிப்பை 'ஈ', 'ஊ' முன்னால் வைத்தால் 'ப்' என்றும், 'ஆ' முன்னால் வைத்தால் 'க்' என்றும் கேட்டார்கள்.

மௌனமும் சரக்குதான். ஆங்கில 'ஸ்லிட்' பதிவில் 'ஸ்'ஸுக்குப் பின்னால் கொஞ்சம் வெற்று நாடாவைச் செருகினால் 'ஸ்ப்ளிட்' என்று கேட்கும். 'ப்' எங்கிருந்தும் கொண்டுவரப்படவில்லை.

சரி, அப்போ எங்கேதான் வெட்டணும்?

ஒலியின் நடுவில். ஒரு ஒலி அடுத்ததாக மாறும் பாலத்தில்தான் அடையாளம் இருக்கிறது என்றால், பாலத்தை முழுசாக எடுத்துக்கொண்டு, இருபக்கமும் ஆட்டம் குறைந்த நடுப்பகுதியில் வெட்ட வேண்டும். 'கடல்' என்றால் க்-அ, அ-ட், ட்-அ, அ-ல் என்று ஜோடிகள். ஒட்டு ஒவ்வொரு ஒலியின் நடுவில் விழும்.

ஜெர்மனியில் குப்ஃப்முல்லர், வார்ன்ஸ் இருவரும் 1956-இல் ஒலிகளிலிருந்து பேச்சைக் கட்டுவது பற்றி எழுதியபோதே இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். 1958-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர்சன், வாங், சிவர்ட்சன் மூவரும் இதை முறையாக வகுத்து 'டையாட்' என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில் 'டைஃபோன்' என்ற பெயர் நிலைத்தது. ஐபிஎம்மில் டிக்ஸனும் மேக்ஸியும் 1968-இல் செய்தது டைஃபோன்களை வைத்துத்தான். அவர்கள் நாடாவை வெட்டவில்லை, மின்னணுக் கருவிக்கான அளவுகளை ஜோடி ஜோடியாகச் சேமித்தார்கள்.

அப்படின்னா எத்தனை ஜோடி வேணும்?

40 ஒலிகள் உள்ள மொழி என்றால் 40 × 40 = 1,600. எந்தச் சொல்லிலும் வராத ஜோடிகளைக் கழித்தால் குறையும். அழுத்தம், சுருதி ஏற்ற இறக்கத்துக்கும் தனித்தனித் துண்டு வேண்டுமென்றால் பல ஆயிரமாகும். கையால் வெட்டும் காலத்தில் அது நடக்கிற காரியமா? கம்ப்யூட்டர் வரும்வரை டைஃபோன் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்திலேயே இருந்தது.

நடுவுல வெட்டினாலும் ஒரு துண்டு மேல் சுருதி, இன்னொண்ணு கீழ் சுருதின்னு இருந்தா ஒட்டுத் தெரியாதா?

நன்றாகத் தெரியும். நாடாவை வேகமாக ஓட்டிச் சுருதியை ஏற்றலாமே என்றால், குரலே பொம்மைக் குரலாகிவிடும், நீளமும் குறையும். வழி பிறந்தது கணக்கிலிருந்து. பெல் ஆய்வகத்தில் பிஷ்ணு அடல் (லக்னோவிலும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் படித்தவர்), ஜப்பானில் இடகுரா, சைடோ ஆகியோர் 1960-களின் பிற்பகுதியில் நேரியல் கணிப்பு முறையைப் பேச்சுக்குக் கொண்டுவந்தார்கள். அது குரல்நாணின் துடிப்பையும் வாயின் வடிவத்தையும் தனித்தனியாகப் பிரிக்கும். வாயின் வடிவத்தை மட்டும் சேமித்து, துடிப்பை நம் இஷ்டப்படி கொடுக்கலாம். 1977-இல் ஜோசப் ஆலிவ் டையாட் துண்டுகளை இப்படிச் சேமித்துப் பேச வைத்தார். விலை என்னவென்றால், ஒரு ரீங்காரம் ஒட்டிக்கொண்டே வரும்.

1980-களின் கடைசியில் பிரான்ஸின் தொலைத்தொடர்பு ஆய்வகத்தார் 'பிசோலா' முறையைக் கொண்டுவந்தார்கள். பதிவையே வைத்துக்கொண்டு, குரல்நாணின் ஒவ்வொரு துடிப்பையும் தனித் துண்டாக்கி, சுருதி ஏற வேண்டுமானால் நெருக்கியும் இறங்க வேண்டுமானால் தள்ளியும் மேலேற்றி ஒட்டுவது. ஆண் குரலில் ஒரு துடிப்பு சுமார் 8 முதல் 10 மில்லிவினாடி. ஹாரிஸின் பிளேடு எட்டவே முடியாத நுணுக்கம்.

'ஸ்பீக் அண்ட் ஸ்பெல்' பொம்மை பேசினது பதிவா, செயற்கையா?

இரண்டுக்கும் நடுவில். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1978-இல் விட்ட அந்தப் பொம்மையில் நாடா இல்லை. ஓர் அறிவிப்பாளர் பேசிய சொற்களை மேலே சொன்ன நேரியல் கணிப்பால் எண்களாகச் சுருக்கி, சிப்பில் வைத்தார்கள். எண்களிலிருந்து பேச்சை மறுபடி பிறப்பித்தது சிப். ஆனால் சேமித்த சொற்களைத் தாண்டிப் பேசாது. முதல் கேள்வியில் சொன்ன கோட்டின்படி, அது சாமர்த்தியமான பதிவு.

ஸ்டீபன் ஹாக்கிங்கோட குரல் யாரோடதாவது வெட்டி ஒட்டினதா?

ஒட்டியதல்ல. எம்ஐடியின் டென்னிஸ் கிளாட் தன் சொந்தக் குரலை அளந்து, அந்த அளவுகளையும் விதிகளையும் வைத்து உருவாக்கிய குரல்தான் அதற்கு அடிப்படை. வோடர் வழிதான், விதிகள் மிக நன்றாக எழுதப்பட்டவை. அதனால்தான் சுருதியும் வேகமும் எப்படி மாறினாலும் உடையாது.

நடுவுல வெட்டணும்னு சொன்னீங்க. ஆனா ஐஐடி மெட்ராஸ்காரங்க அசை அசையா வெட்டித்தானே தமிழ்க் குரல் பண்ணினாங்க? முரணா இருக்கே!

முரண் இல்லை. தமிழில் இந்திய அறிவியல் கழகத்தில் ஏ. ஜி. ராமகிருஷ்ணன் குழு 2000-களின் தொடக்கத்தில் துண்டுகளை ஒட்டிப் பேசும் அமைப்பைச் செய்தது. பின்னர் ஐஐடி மெட்ராஸின் ஹேமா மூர்த்தி தலைமையில் பல நிறுவனங்கள் சேர்ந்து இந்திய மொழிகளுக்குக் குரல் செய்தபோது அசையை அடிப்படையாக எடுத்தார்கள். அசை பெரிய துண்டு. மெய்யிலிருந்து உயிருக்குப் போகும் பாலம் அதற்குள்ளேயே பத்திரமாக இருக்கும். 216 உயிர்மெய் யோசனை மோசமில்லை என்று முன்பு சொன்னது இதனால்தான். வெட்டு விழுவது பெரும்பாலும் ஒலி தணிந்திருக்கும் இடத்தில். 'பக்கம்' என்ற சொல்லின் நடுவில் நீளமாக ஒரு மௌனம் இருக்கிறது, அங்கே ஒட்டினால் யாருக்குத் தெரியும்?

இன்னொன்று, அவர்கள் தனி எழுத்தைப் பதிவு செய்யவில்லை. ஒருவரை மணிக்கணக்காக வாக்கியங்களைப் படிக்க வைத்து, ஒரே அசை பல சூழல்களில் வருவதையெல்லாம் வைத்துக்கொண்டார்கள். அதில் பொருத்தமானதைக் கம்ப்யூட்டர் தேர்ந்தெடுக்கும். ஹண்ட், பிளாக் இருவரும் 1996-இல் வகுத்த தேர்வு முறை அது: வேண்டிய ஒலிக்கு எவ்வளவு ஒத்துப்போகிறது, பக்கத்துத் துண்டோடு எவ்வளவு சேர்கிறது என்று இரண்டுக்கும் மதிப்பெண் போட்டு, மொத்தத்தில் சேதாரம் குறைந்த வரிசையை எடுப்பது. ஹாரிஸ் பல துண்டு வேண்டும் என்று கண்டாரே, அதன் பேராசை பிடித்த வடிவம்.

இப்ப வர்ற ஏஐ குரல்லயும் இப்படித்தான் வெட்டி ஒட்டுறாங்களா?

இல்லை. 2016-க்குப் பிறகு நரம்பு வலையமைப்புகள் பதிவுகளிலிருந்து கற்றுக்கொண்டு அலையையே புதிதாக உண்டாக்குகின்றன, ஒட்டு என்று எதுவும் கிடையாது.

வீட்டுல நானே பண்ணிப் பார்க்கலாமா?

தாராளமாக. ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள் போதும். 'இது மாலைதான்', 'இது பாடுதான்' என்று ஒரே தொனியில், ஒரே தூரத்தில் மைக் வைத்துப் பதிவு செய்யுங்கள். இரண்டிலும் 'ஆ'வின் நடுப்பகுதியைப் பெரிதாக்கி, அலை நடுக்கோட்டைக் கீழிருந்து மேலாகக் கடக்கும் புள்ளியில் வெட்டுங்கள். இல்லாவிட்டால் 'டிக்' கேட்கும். முதலாவதின் 'மா' பாதியோடு இரண்டாவதின் 'ஆடு' பாதியை ஒட்டினால், நீங்கள் சொல்லாத 'மாடு' வரும்.

அப்புறம் அதே பதிவுகளில் 'மாலை'யின் 'ஆ' முடிந்து 'லை' தொடங்கும் இடத்தில் வெட்டி, 'பாடு'விலிருந்து வெறும் 'டு'வை எடுத்து ஒட்டுங்கள். 'ஆ'வுக்குள் நாக்கு 'ல'வை நோக்கிப் போய்க்கொண்டிருக்க, திடீரென்று 'டு' வந்து விழும். முதலில் ஹெட்ஃபோனில் கேளுங்கள், பிறகு யாரிடமாவது சொல்லாமல் இரண்டையும் போட்டுக் காட்டி எது அசல் என்று கேளுங்கள்.